மலை ஏறியதா, பக்கத்து நிலம் இறங்கியதா?

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை, சீர்காழி வழியாக மாதானம் வரை பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும், வழியில் மேடு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. வயல், வாய்க்கால், வாழைக்கொல்லை, மறுபடி வயல். ஆற்றுப் பாலத்தில் ஏறி இறங்குவதுதான் பெரிய ஏற்றம். ஆனால் எண்ணெய் தேடுகிறவர்களின் வரைபடத்தில் கிட்டத்தட்ட இதே வழியில் ஒரு மலைமுகடு ஓடுகிறது. கும்பகோணம்–மாதானம் முகடு என்று அதற்குப் பெயரும் உண்டு. அதன் வடபுறம் அரியலூர்–புதுச்சேரிப் பள்ளம், தென்புறம் தஞ்சாவூர்–தரங்கம்பாடிப் பள்ளம். எல்லாமே ஆயிரக்கணக்கான அடி மண்ணுக்கும் படிவுப் பாறைக்கும் அடியில். மேலே நடவு நடக்கிறது. கீழே ஒரு மலை புதைந்து கிடக்கிறது.

இப்படி இரண்டு பிளவுகளுக்கு நடுவே, அக்கம்பக்கத்தைவிட உயரத்தில் நிற்கும் பாறைப் பாளத்துக்கு நிலவியலில் 'ஹார்ஸ்ட்' என்று பெயர். பக்கத்தில் தாழ்ந்து கிடக்கும் பாளம் 'கிராபன்'. நம் பள்ளிப் புத்தகங்கள் முதலாவதைப் 'பிண்ட மலை' என்றும், இரண்டாவதைப் 'பிளவுப் பள்ளத்தாக்கு' என்றும் சொல்லிக் கடந்துவிடும். பிண்டம் என்றதும் நமக்கு ஆற்றங்கரையில் காக்காய்க்கு வைக்கும் சோறு நினைவுக்கு வருவது ஒரு தொல்லை. அதைவிடப் பெரிய தொல்லை, அந்தப் பெயரிலேயே 'மலை' ஒட்டிக்கொண்டிருப்பது. ஹார்ஸ்ட் மலையாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மேலே சொன்ன டெல்டாவே சாட்சி. ஹார்ஸ்ட் என்பது பாறை அமைந்திருக்கும் விதத்துக்கான பெயர், கண்ணுக்குத் தெரியும் உயரத்துக்கானது அல்ல. இந்த ஒன்று பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

முதலில் பிளவைப் பார்ப்போம். வீட்டுச் சுவரில் விரிசல் விழுகிறது. சுவரின் குறுக்கே ஓடும் பெயிண்ட் பார்டர் விரிசலின் இரண்டு பக்கமும் ஒரே நேராக இருந்தால் அது வெறும் விரிசல். ஒரு பக்கத்து பார்டர் அரை அங்குலம் கீழே போயிருந்தால் கவலைப்பட வேண்டிய விஷயம். ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது. பாறையிலும் இதே கணக்குதான். இரண்டு பக்கமும் நகராமல் இருந்தால் வெடிப்பு. ஒன்றையொன்று விட்டுப் பெயர்ந்திருந்தால் அதுதான் நிலவியல்காரர் சொல்லும் பிளவு. பெயிண்ட் பார்டருக்குப் பதில் அங்கே பாறை அடுக்குகள் இருக்கும்.

பிளவுகள் பெரும்பாலும் செங்குத்தாக இருப்பதில்லை, சாய்ந்தே இருக்கும். தாதுக்கள் பல சமயம் பிளவின் வழியே படிவதால் சுரங்கத் தொழிலாளர்கள் அந்தச் சாய்வைப் பின்பற்றியே தோண்டிக்கொண்டு போவார்கள். அப்போது காலடியில் இருக்கும் பாறை 'கால்சுவர்'. தலைக்கு மேல், விளக்கைத் தொங்கவிடும் பக்கம் 'தொங்குசுவர்'. விஞ்ஞானிகள் வைத்த பெயர்கள் அல்ல இவை, சுரங்கத்தில் புழங்கிய பேச்சு. நிலம் இரண்டு பக்கமும் இழுபட்டால் தொங்குசுவர் கால்சுவரின் மேல் வழுக்கிக் கீழே இறங்கும். நெருக்குண்டால் தொங்குசுவர் மேலே ஏறும்.

ஹார்ஸ்ட், கிராபன் என்ற சொற்களும் ஜெர்மன் மொழிச் சுரங்கங்களில் புழங்கியவைதான். கிராபன் என்றால் அகழி, வெட்டுப்பள்ளம். ஹார்ஸ்ட் என்றால் கழுகு போன்ற பறவைகள் உயரத்தில் கட்டும் கூடு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆஸ்திரிய நிலவியலாளர் எடுவர்ட் ஸ்யூஸ் இவற்றை எடுத்து உலகம் முழுக்கப் பரப்பினார். கோண்டுவானாலாந்து என்று ஒரு பெருங்கண்டத்துக்குப் பெயர் வைத்தவரும் இவரே.

ஏன் ஒரு பாளம் நிற்கிறது, பக்கத்தது இறங்குகிறது? சமையலறையிலேயே பார்த்துவிடலாம். நீளமான துணி சோப்புக் கட்டி ஒன்று, தளர்வாகப் பிசைந்த சப்பாத்தி மாவு ஒரு தட்டு. சோப்பைக் கத்தியால் ஒருமுறை வலது பக்கம் சாய்த்து, அடுத்த முறை இடது பக்கம் சாய்த்து, மாற்றி மாற்றி ஐந்து துண்டாக வெட்டுங்கள். சில துண்டுகள் மேலே அகலமாகவும் கீழே குறுகியும் இருக்கும். மற்றவை அப்படியே தலைகீழ். வெட்டிய வரிசையிலேயே மாவின் மேல் ஒட்டி அடுக்கிவிட்டு, இரண்டு முனைத் துண்டுகளையும் வெளிப்பக்கமாக மெல்ல இழுங்கள். இடைவெளி விழுந்ததும் கீழே குறுகிய துண்டுகளை விரலால் லேசாகத் தட்டினால் போதும், ஆப்பு மாதிரி சறுக்கி இறங்கும். அடி அகலமான துண்டுகளுக்கு அப்படிச் சறுக்கி இறங்க வழியில்லை, நிற்கும். இறங்கியவை கிராபன், நின்றவை ஹார்ஸ்ட்.

இப்போது கேள்வி: நின்ற துண்டு உயர்ந்ததா? யாரும் அதைத் தூக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் உட்கார்ந்துவிட்டதால் இவர் நிற்பது தெரிகிறது, அவ்வளவுதான். ஆனால் தட்டைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். இறங்கிய துண்டின் அடியில் பிதுங்கிய மாவு, நிற்கும் துண்டைத் துளி மேலே தள்ளியிருக்கக்கூடும். அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

நிஜ நிலத்தில் இவ்வளவு சுத்தமாக ஒரே ஒரு வெட்டு இருக்காது. கொலுப்படி மாதிரி நாலைந்து பிளவுகள் அடுத்தடுத்து இறங்கும். பெரிய கிராபனுக்குள்ளேயே குட்டி ஹார்ஸ்ட் நிற்கும்.

உலகத்தில் இதற்குப் பேர்போன இடம் ரைன் நதிப் பள்ளத்தாக்கு. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்து ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் பக்கம் வரை சுமார் 300 கி.மீ. நீளம், 30 முதல் 40 கி.மீ. அகலம். நடுவே ரைன். மேற்கே பிரான்ஸின் வோஜ் மலைகள், உச்சி 1,424 மீட்டர். கிழக்கே ஜெர்மனியின் கருங்காடு, உச்சி 1,493 மீட்டர். ஏறக்குறைய ஒரே உயரம், ஒரே வகைப் பாறை.

அந்த ஒற்றுமையை மலை ஏறாமலே பார்க்கலாம். ஆற்றுக்கு மேற்கே ஸ்ட்ராஸ்பர்க் பேராலயம், அதன் கோபுரம் 142 மீட்டர், வோஜ் மலையில் வெட்டிய இளஞ்சிவப்பு மணற்கல்லால் கட்டியது. கிழக்கே ஃப்ரைபர்க் பேராலயம், 116 மீட்டர் கோபுரம், அதுவும் சிவந்த மணற்கல். கருங்காட்டுப் பக்கத்துக் கல். இரண்டும் இப்போது வேறு வேறு நாட்டில் நிற்கின்றன. ஆனால் சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரே சமவெளியில் படிந்த ஒரே மணல்தான் இரண்டு ஊரிலும் கல்லாகி நிற்கிறது. நடுவில் ஆறும் வயலும் இருக்கும் இடத்தில் அந்த மணற்கல் எங்கே போனது? எங்கும் போகவில்லை. கிலோமீட்டர் கணக்கில் கீழே இறங்கி, மேலே சேறும் உப்பும் வண்டலும் மூடிக் கிடக்கிறது. சுமார் நாலு கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த நிலம் கிழக்கு மேற்காக இழுபடத் தொடங்கியபோது நடுப்பாளம் இறங்கியது, ஓரப்பாளங்கள் நின்றன.

இங்கே ஒரு சின்னத் திருத்தம். வோஜும் கருங்காடும் ஹார்ஸ்ட் என்று பாடப்புத்தகங்கள் கூசாமல் எழுதும். கறாராகப் பார்த்தால் ஹார்ஸ்டுக்கு இரண்டு பக்கமும் பிளவு வேண்டும். இந்த இரண்டு மலைகளும் ரைன் பக்கம் சட்டென்று இறங்குகின்றன, மறுபக்கம் மெதுவாகச் சரிந்து போகின்றன. திறந்த டிரங்குப் பெட்டியின் மூடி மாதிரி ஒரு பக்கம் மட்டும் தூக்கிய பாளங்கள். இவற்றைச் சாய்ந்த பாளம் என்பதே பொருத்தம். கலிபோர்னியாவின் சியரா நெவாடாவும் இந்த வகைதான். கிழக்கு முகம் சுவர் மாதிரி, மேற்கு முகம் நீண்ட சரிவு. தேர்வுக்குப் படிப்பவர்கள் விடைத்தாளில் இந்த வாதத்தைக் கிளப்ப வேண்டாம், மதிப்பெண் போய்விடும்.

மலை ஏறியதா, பள்ளம் இறங்கியதா என்ற கேள்விக்கு நேரடியாக அளந்த பதில் ஒன்று இருக்கிறது. 1983 அக்டோபர் 28, அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம். போரா சிகரம் என்ற 3,859 மீட்டர் உச்சியின் அடிவாரத்தில் 6.9 அளவில் நிலநடுக்கம். வேட்டைக்கு வந்திருந்த ஒரு பெண் அந்த நேரத்தில் எதிர்ச் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணெதிரே மலையடிவாரம் நெடுகத் தரை கிழிந்தது. ஒரு பக்கம் இறங்கி, மறுபக்கம் மண்சுவராக நின்றது. சில நொடி வேலை. அந்த வெட்டு சுமார் 35 கி.மீ. நீளத்துக்கு ஓடியது, சில இடங்களில் ஆள் உயரத்தைத் தாண்டியது.

அதிர்ஷ்டவசமாக அந்தப் பக்கம் முன்பே நிலமட்டம் அளந்து வைத்திருந்தார்கள். மறுபடி அளந்தபோது பள்ளத்தாக்கு ஒரு மீட்டருக்கு மேல் இறங்கியிருந்தது. மலை உயர்ந்தது சுமார் 20 சென்டிமீட்டர். ஆக இரண்டும் நடக்கிறது. இறக்கம் பெரிது, ஏற்றம் சிறிது. இப்படி ஆயிரக்கணக்கான நிலநடுக்கங்கள் லட்சக்கணக்கான ஆண்டுகளில் சேர்ந்ததுதான் அந்த மலைத்தொடர். ஒரே நாளில் எழும்பி நிற்கும் மலை புராணத்தில் மட்டும்தான்.

மலை ஏன் கொஞ்சமாவது ஏற வேண்டும்? பிளவு விட்டுக்கொடுத்ததும், அதுவரை வளைந்து இழுபட்டிருந்த பாறை வில் மாதிரி நிமிர்கிறது. அது நொடியில் நடப்பது. மெதுவாக நடப்பது இன்னொன்று. பூமியின் மேலோடு, கீழே சூடாக, மிக மெதுவாக இளகி நகரும் பாறையின் மேல் மிதக்கிறது. பரிசலில் ஏற்றிய மூட்டையை இறக்கினால் பரிசல் கொஞ்சம் எழும்பும் அல்லவா? பிளவின் ஒரு பக்கத்துப் பாறை வழுக்கிப் போனதும் கால்சுவர் மேல் இருந்த பாரம் குறைகிறது, எழும்புகிறது. மழை மலையை அரிக்க அரிக்க இன்னும் பாரம் குறைகிறது, இன்னும் எழும்புகிறது. சோப்புத் துண்டைத் தள்ளிய மாவை மறந்திருக்க மாட்டீர்கள்.

இந்த எழும்பல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஆப்பிரிக்காவில் ர்வென்சோரி மலை இருக்கிறது. உகாண்டாவும் காங்கோவும் சந்திக்கும் இடம், கிட்டத்தட்ட நிலநடுக்கோட்டின் மேல். உச்சி 5,109 மீட்டர். கிளிமஞ்சாரோவும் கென்யா மலையும் எரிமலைகள், உருகிய குழம்பு குவிந்து வளர்ந்தவை. ர்வென்சோரி அப்படி அல்ல. நூறு கோடி ஆண்டுக்கும் பழைய ஆழத்துப் பாறை, இருபுறமும் பிளவுகள் விட்டுக்கொடுக்க, கடைசிச் சில பத்து லட்சம் ஆண்டுகளில் இந்த உயரத்துக்கு வந்திருக்கிறது. அதுவும் எங்கே? நிலம் இழுபட்டு இறங்கும் பிளவுப் பள்ளத்தாக்குக்கு உள்ளேயே. தெற்கே எட்வர்ட் ஏரி, வடக்கே ஆல்பர்ட் ஏரி. இரண்டையும் இணைக்கும் செம்லிக்கி ஆறு மலையைச் சுற்றிக்கொண்டு அதன் மேற்கு அடிவாரம் வழியாகப் போகிறது. இழுவையில் பிறந்த பாளம் இவ்வளவு உயரம் போனதற்கு முழுக் காரணம் என்ன என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

உச்சியில் பனிப்பாறைகள் உண்டு, கடந்த நூறு ஆண்டுகளில் பெரும்பகுதி கரைந்துவிட்டன. ஆழத்திலிருந்து வந்த பாறையோடு செம்பும் வந்தது. கிழக்கு அடிவாரத்தில் கிலெம்பே சுரங்கம் 1956-இல் தொடங்கியது, அந்தச் செம்பை ஏற்றவே கசேசே வரை ரயில் போட்டார்கள். ஹார்ஸ்ட் செய்யும் உபகாரங்களில் இது ஒன்று. தோண்டி எட்ட முடியாத ஆழத்துப் பாறையைக் கைக்கெட்டும் உயரத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

இழுவையால் அல்லாமல் நெருக்கத்தால் உயர்ந்த பாளங்களும் உண்டு. மேகாலயாவின் ஷில்லாங் பீடபூமி இரண்டு பக்கமும் நெருக்குண்டு, நடுப்பாளம் மேலே பிதுங்கி வந்தது என்பது இன்று பலர் ஏற்கும் விளக்கம். 1897 ஜூன் 12 அன்று அசாமை உலுக்கிய நிலநடுக்கம் இதன் வடக்கு ஓரத்தில் புதைந்திருக்கும் பிளவில் நடந்தது என்று அவர்கள் கணக்கிடுகிறார்கள். வங்காள விரிகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்று வங்கதேசச் சமவெளியைக் கடந்ததும் இந்தப் பாளத்தில் முட்டி மேலேறுகிறது. சிரபுஞ்சியிலும் மௌசின்ராமிலும் கொட்டும் மழைக்குக் காரணம் அதுதான். கறாரான பேச்சில் இதை ஹார்ஸ்ட் என்று சொல்ல மாட்டார்கள். அந்தப் பெயர் இழுபட்ட நிலத்துக்கு ஒதுக்கியது.

சரி, மறுபடி டெல்டாவுக்கு வருவோம். கோண்டுவானா உடைந்து இந்தியா அண்டார்டிகாவிலிருந்து பிரிந்த காலத்தில் நம் கிழக்குக் கரை இழுபட்டது. வடகிழக்கு–தென்மேற்காகப் பிளவுகள் விழுந்து, முகடும் பள்ளமும் மாறி மாறி அமைந்தன. கும்பகோணம்–மாதானம் ஒரு முகடு. பட்டுக்கோட்டை, மன்னார்குடி வழியாக வேதாரண்யம், காரைக்கால் பக்கம் போவது இன்னொன்று. மண்டபத்திலிருந்து கடலுக்கு அடியில் இலங்கையின் நெடுந்தீவை நோக்கிப் போவது மற்றொன்று. நடுவே இருந்த பள்ளங்களில் கடல் புகுந்தது. ஆழமான இடங்களில் ஐந்து கிலோமீட்டருக்கும் மேல் படிவு சேர்ந்தது. அரியலூர்ப் பக்கம் அந்தப் பழைய கடலின் சிப்பியும் நத்தைச்சுருளும் சுண்ணாம்புச் சுரங்கங்களில் இன்றும் கிடைக்கின்றன.

எண்ணெய்க்காரர்களுக்கு இந்த அமைப்பில் ஏன் இவ்வளவு ஆசை? பள்ளத்தில் சேர்ந்த சேற்றில் செத்த உயிர்களின் மிச்சம் இருக்கும். மேலே மேலே படிவு ஏற, அடியில் அழுத்தமும் சூடும் கூடி அது எண்ணெயாகவும் வாயுவாகவும் மாறும். அவர்களே அந்தப் பள்ளத்தைச் 'சமையலறை' என்றுதான் சொல்வார்கள். எண்ணெய் நீரைவிட லேசு, அதனால் சாய்ந்த அடுக்குகள் வழியே மெல்ல மெல்ல மேல்நோக்கி ஊர்ந்து பக்கத்து முகட்டுக்கு வரும். முகட்டின் மேல் களிமண் பாறை போர்வை மாதிரி மூடியிருந்தால் அங்கேயே தங்கிவிடும். சமையல் பள்ளத்தில், பந்தி மேட்டில். அதனால்தான் கண்ணுக்குத் தெரியாத முகட்டைத் தேடி, தரையில் துளை போட்டுச் சின்ன வெடி வைத்து, திரும்பி வரும் அதிர்வைப் பதிவு செய்கிறார்கள். வயல் ஓரத்தில் கருவிகளும் ஒயரும் பரப்பிவைத்திருந்த ஆட்களை டெல்டாக்காரர்கள் பார்த்திருப்பார்கள்.

சில இடங்களில் முகட்டுப் பாறையே தொட்டியாகிவிடும். கருங்கல்லில் எண்ணெய் இருக்காது என்பதே பழைய பாடம். வியட்நாம் கடலில் பாக் ஹோ என்ற இடத்தில் 1988-இல் அந்தப் பாடம் பொய்த்தது. புதைந்த ஹார்ஸ்டின் கருங்கல், பிளவுகளால் நொறுங்கி வெடித்திருந்தது. பக்கத்துப் பள்ளத்தில் வெந்த எண்ணெய் அந்த வெடிப்புகளில் புகுந்து நிறைந்திருந்தது. காவிரிப் படுகையின் கடல் பகுதியில் பி.ஒய்-1 வயலில் வாயு கிடைத்ததும் இதே போல் வெடித்த அடித்தளப் பாறையில்தான்.

ரைன் பள்ளத்தாக்கில் அந்த வெடித்த கருங்கல்லை வேறொன்றுக்குப் பயன்படுத்துகிறார்கள். பிரான்ஸின் சூல்ட்ஸ்-சூ-ஃபொரே கிராமம் நிற்பது, பெரிய கிராபனுக்குள் புதைந்த ஒரு குட்டி ஹார்ஸ்டின் மேல். அங்கே சுமார் ஐந்து கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, 200 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடான பாறையின் வெடிப்புகளில் ஓடும் நீரை மேலே எடுத்து மின்சாரம் தயாரித்தார்கள்.

இவ்வளவு நேரம், நிற்கும் பாளம் புதைந்தாலும் ஹார்ஸ்ட்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இதற்கு நேர்மாறான கூத்து தென் ஜெர்மனியில் இருக்கிறது. ஹோஹென்சோலர்ன் கோட்டை, கடல் மட்டத்திலிருந்து 855 மீட்டர், ஒரு தனிக் குன்றின் தலையில் கூடு கட்டியது போல நிற்கிறது. நாலாபுறமும் நிலம் கீழே கிடக்கிறது. படம் பார்ப்பவர்கள் யோசிக்காமல் ஹார்ஸ்ட் என்பார்கள். நிலவியல் வரைபடத்தில் அந்தக் குன்று நிற்பது கிராபனுக்குள். சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் அகலமான ஒரு பாளம் அங்கே முன்பு கீழே இறங்கியது. மேலே உயரத்தில் நின்ற பாளங்களின் கடினமான சுண்ணாம்புப் பாறை மழையிலும் காற்றிலும் அரித்துப் போனது. இறங்கிப் பதுங்கிய பாளத்தின் சுண்ணாம்புக்கல் தப்பித்தது. பக்கத்தில் அடியிலிருந்த மெத்தென்ற பாறையும் வெளிப்பட்டுக் கரைந்தோட, பள்ளத்தில் இருந்தது குன்றாகிவிட்டது. அதன் மேல் ஒரு ராஜ வம்சம் கோட்டை கட்டியது.